பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு: எதுவும் விட்டுப்போகாமல் மாற்ற முழுமையான வழிகாட்டி

புதிய கணினி வந்ததும் பெட்டியைப் பிரித்து, பெயரும் வைஃபை பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டு, ஒரு பென் டிரைவோடு பழையதன் பக்கம் போவதுதான் வழக்கம். படங்கள், பாட்டு, ஆவணங்கள் எல்லாம் ஒரே மாலையில் வந்து சேர்ந்துவிடும். எது வரவில்லை என்பது அன்றைக்குத் தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து ஏதோ ஒரு தளம் பாஸ்வேர்டு கேட்கும், வேர்டில் நீங்கள் சேர்த்துவைத்த சொற்பட்டியல் காணாமல் போயிருக்கும், ஐந்து வருட மின்னஞ்சல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அதற்குள் பழைய கணினியை ஃபார்மட் செய்து யாருக்காவது கொடுத்திருப்பீர்கள்.

கண்ணுக்குத் தெரிகிற கோப்புகள் தொலைவது அபூர்வம். தொலைவதெல்லாம் மென்பொருள்கள் நம்மிடம் சொல்லாமல் எங்கோ எழுதிவைத்தவைதான். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல், கேபிளைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை. விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கு மாறுவதையே அதிகம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் இப்போது பலர் செய்வது அதைத்தான். மேக், லினக்ஸ் பற்றிப் பின்னால் வருகிறது.

1. முதலில் ஒரு பட்டியல்

பழைய கணினியின் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய், நிறுவியிருக்கும் மென்பொருள்களை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பாருங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று கேள்வி: இது இனியும் வேண்டுமா? மறுபடி எங்கிருந்து இறக்குவது? இதன் லைசன்ஸ் எந்தக் கணக்கில், எந்த மின்னஞ்சலில் இருக்கிறது? வேண்டியதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலைக் கணினியிலேயே சேமித்துவைத்துவிட்டு, பிறகு அந்தக் கணினியையே அழித்தவர்கள் உண்டு.

மென்பொருளை அப்படியே நகலெடுக்க முடியாதா என்று கேட்கலாம். பெரும்பாலும் முடியாது. நிறுவும்போதே அது விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்ற உள்பதிவேட்டிலும் சிஸ்டம் ஃபோல்டர்களிலும் தனக்கு வேண்டியதைப் பதிந்துவைக்கிறது. 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பதிவுகள் கூட வராது. நிறுவாமலே ஓடும் 'போர்ட்டபிள்' வகை மட்டும் விதிவிலக்கு. மற்றதெல்லாம் புதிதாகவே நிறுவ வேண்டும்.

காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பல மென்பொருள்கள் ஒன்றிரண்டு கணினிகளில் மட்டுமே ஓட அனுமதிக்கும். பழையதில் 'டீஆக்டிவேட்' அல்லது 'சைன் அவுட்' செய்யாமல் டிஸ்கை அழித்துவிட்டால் அந்த இடம் அடைபட்டே கிடக்கும். அப்புறம் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டும். எவற்றை டீஆக்டிவேட் செய்ய வேண்டும் என்று பட்டியலில் குறித்துவையுங்கள். ஆனால் இப்போதே செய்ய வேண்டாம், கடைசி நாளில் செய்யலாம்.

2. டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா?

இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. இப்போதைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். ஹோம் பதிப்பில் இதன் பெயர் 'டிவைஸ் என்கிரிப்ஷன்', புரோ பதிப்பில் 'பிட்லாக்கர்'. அன்றாடம் வேலை செய்யும்போது ஒரு வித்தியாசமும் தெரியாது. கணினி படுத்துவிட்டு, டிஸ்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டும்போதுதான் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுத்துத் தர முடியாது.

மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்திருந்தால் அந்தச் சாவி பெரும்பாலும் கணக்கின் இணையப் பக்கத்தில், சாதனங்களின் பட்டியலுக்குக் கீழே இருக்கும். பழைய கணினி நன்றாக ஓடும்போதே பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

3. ஒளிந்திருக்கும் இடங்கள்

டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், மியூசிக், வீடியோஸ்: இந்த ஆறும் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவை இனி.

*மற்ற பயனர்கள்.* சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டரைத் திறந்து யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதே கணினியில் இன்னொருவரும் தனிக் கணக்கு வைத்திருந்தால் அவர் கோப்புகள் உங்கள் டாகுமென்ட்ஸில் இருக்காது.

*டிரைவின் வேர்.* சி டிரைவைத் திறந்ததும் தெரிகிற முதல் மட்டத்திலேயே சில மென்பொருள்கள் தங்கள் பெயரில் ஃபோல்டர் போட்டுத் தரவை வைத்திருக்கும். கணக்கு வழக்கு மென்பொருள்களிடம் இந்தப் பழக்கம் அதிகம். டி டிரைவ் இருந்தால் அதுவும் முழுதாக வர வேண்டும். 'புரோகிராம்டேட்டா' என்று மறைந்த ஃபோல்டர் ஒன்றும் உண்டு. கணக்கு மென்பொருள், தரவுத்தளம் போன்றவற்றில் ஃபோல்டரை நகலெடுப்பதைவிட, அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் 'பேக்கப்' வசதியால் எடுப்பது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் வந்து சேரலாம்.

*ஆப்டேட்டா.* உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள் இருக்கிறது, ஆனால் மறைந்திருக்கும். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்புளோரரின் 'வியூ' மெனுவில் 'ஷோ', அதில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதை இயக்கினால் தெரியும். உள்ளே லோக்கல், லோக்கல்லோ, ரோமிங் என்று மூன்று. உங்கள் செட்டிங்ஸில் கணிசமானவை ரோமிங்கில் இருக்கும். லோக்கலில் இருப்பதில் பெரும்பகுதி தற்காலிகக் குப்பை, ஆனால் நடுநடுவே முக்கியமானதும் கிடக்கும்.

வேர்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ரோமிங்குக்குள் 'மைக்ரோசாஃப்ட்' ஃபோல்டரைத் திறந்தால் 'டெம்ப்ளேட்ஸ்' என்று ஒன்று இருக்கும். நீங்கள் மாற்றிவைத்த எழுத்தளவு, பத்தி அமைப்பு எல்லாம் அதிலுள்ள 'நார்மல்' என்ற ஒரே கோப்பில் அடக்கம். பக்கத்திலேயே 'யூப்ரூஃப்' என்ற ஃபோல்டரில் 'ஆட் டு டிக்ஷனரி' என்று சொல்லிச் சொல்லி வருடக்கணக்கில் நீங்கள் சேர்த்த சொற்கள். 'சிக்னேச்சர்ஸ்' என்பதில் அவுட்லுக்கின் கையொப்பங்கள். மூன்றும் சேர்ந்தே சில எம்பி கூட வராது. ஆனால் இவற்றை விட்டுவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஆப்டேட்டாவை முழுதாக நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் புதிய கணினியின் ஆப்டேட்டா மேல் அப்படியே கொட்டாதீர்கள். புதிய விண்டோஸ் குழம்பிப்போகும். வேண்டிய மென்பொருளை நிறுவி, ஒருமுறை திறந்து மூடி, அதற்குரிய ஃபோல்டரை மட்டும் பழைய நகலிலிருந்து கொண்டுவந்து வைப்பதுதான் முறை.

*சில்லறைச் சாமான்கள்.* திரையில் ஒட்டிவைக்கும் 'ஸ்டிக்கி நோட்ஸ்' குறிப்புகள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருந்தால் தாமாக வரும், இல்லையென்றால் வராது. சேமித்த விளையாட்டுகள் டாகுமென்ட்ஸ், 'சேவ்டு கேம்ஸ்', ஆப்டேட்டா என்று சிதறிக் கிடக்கும். ஐபோன் பேக்கப்பைக் கணினியில் எடுப்பவர்களுக்கு அதுவும் பயனர் ஃபோல்டருக்குள் மறைவாகத்தான் இருக்கிறது, பல ஜிபி பிடிக்கும். டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழைக் கணினியிலேயே பதிந்து வைத்திருந்தால் அதன் தனிச் சாவியோடு சேர்த்து 'எக்ஸ்போர்ட்' செய்ய வேண்டும். நிரல் எழுதுபவர்கள் எஸ்எஸ்ஹெச் சாவிகளை மறக்காதீர்கள்.

4. பிரவுசரும் பாஸ்வேர்டுகளும்

குரோம், எட்ஜ் இரண்டிலும் கணக்கோடு உள்நுழைந்து 'சிங்க்' போட்டிருந்தால், புதியதில் அதே கணக்கைக் கொடுத்தாலே புக்மார்க், பாஸ்வேர்டு, எக்ஸ்டென்ஷன் எல்லாம் வந்துவிடும். அது உண்மையிலேயே இயங்குகிறதா, எவையெல்லாம் சிங்க் ஆகின்றன என்று பழையதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வேண்டாம் என்பவர்கள் புக்மார்க்கையும் பாஸ்வேர்டையும் தனித்தனிக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்துகொள்ளலாம். குரோம் உங்கள் தரவையெல்லாம் வைத்திருக்கும் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே எடுத்துவந்தால் போதாதா? புக்மார்க் வரும், பாஸ்வேர்டுகள் வராது. குரோம் அவற்றைப் பழைய கணினியின் விண்டோஸ் கணக்கோடு கட்டிப் பூட்டிவைக்கிறது. வேறு கணினியில் அது திறக்காது. எக்ஸ்போர்ட் செய்த பாஸ்வேர்டு கோப்பு வெறும் எழுத்தாக, யார் திறந்தாலும் படிக்கும்படி இருக்கும். புதியதில் இறக்குமதி செய்த அடுத்த நிமிடமே அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்.

ஃபயர்ஃபாக்ஸ் இந்த விஷயத்தில் தாராளம். அதன் புரொஃபைல் ஃபோல்டரை மொத்தமாக நகலெடுத்தால் பாஸ்வேர்டு உட்பட எல்லாமே வரும். உதவி மெனுவில் 'மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் அந்த ஃபோல்டரைத் திறக்கும் பொத்தான் இருக்கிறது. நகலெடுக்கும்போது பிரவுசர் மூடியிருக்க வேண்டும், புதியதில் உள்ள ஃபயர்ஃபாக்ஸ் பழையதைவிடப் பழைய பதிப்பாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

இரண்டடுக்குப் பாதுகாப்புக் குறியீடு தரும் செயலி பழைய கணினியில் மட்டும் இருந்தால், அதை முதலில் மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் கதவு அதுதான்.

5. மின்னஞ்சல்

பிரவுசரில் மட்டும் அஞ்சல் படிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

அவுட்லுக்கின் பழைய வகையில் இரண்டு விதக் கோப்புகள் உண்டு. ஓஎஸ்டி என்பது சர்வரில் இருப்பதன் நகல். அதைக் கொண்டுவர வேண்டியதில்லை, கணக்கைச் சேர்த்தால் தானாக மறுபடி உருவாகும். பிஎஸ்டி அப்படியில்லை. பாப் முறையில் (சர்வரிலிருந்து கணினிக்கே இறக்கிவைக்கும் முறை) இறக்கிய அஞ்சலும் நீங்கள் ஆவணப்படுத்திய பழைய அஞ்சலும் அதற்குள் மட்டுமே இருக்கலாம், சர்வரில் இல்லாமலே போயிருக்கலாம். 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' சாளரத்தில் 'டேட்டா ஃபைல்ஸ்' தாவலைத் திறந்தால் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று முழு முகவரியோடு காட்டும். அவுட்லுக்கை மூடிவிட்டு நகலெடுங்கள். தண்டர்பேர்டு அஞ்சல் மென்பொருள் என்றால் ஃபயர்ஃபாக்ஸைப் போலவே புரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் எடுத்தால் போதும்.

6. தமிழ் எழுத்துருக்கள்

தமிழில் பல வருடமாகத் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும் வரும் தலைவலி இது. யூனிகோடுக்கு முன்னால் பாமினி, டாப், டிஸ்கி போன்ற முறைகளில் அடித்த ஆவணங்கள் உங்களிடம் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கிறுக்கலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், எழுத்துருதான் இல்லை.

எழுத்துருக்கள் இரண்டு இடத்தில் இருக்கும். கணினி முழுமைக்கும் நிறுவியவை விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்பதில். உங்கள் கணக்குக்கு மட்டும் நிறுவியவை ஆப்டேட்டாவின் லோக்கலில், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்று உள்ளே போனால் வரும் இன்னொரு 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரில். இரண்டையும் பாருங்கள். விசைப்பலகைக்கு விண்டோஸ் 11-இலேயே தமிழ் 99, அஞ்சல் இரண்டும் இருக்கின்றன. மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். வேறு தட்டச்சு மென்பொருளில் சொந்த அமைப்பு வைத்திருப்பவர்கள் அதன் கோப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. எந்த வழியில் கொண்டுவருவது?

*வெளி டிஸ்க்.* என் வாக்கு இதற்குத்தான். மாற்றி முடித்த பிறகும் ஒரு நகல் கையில் நிற்கும், வேறு எந்த வழியும் அதைத் தராது. யூஎஸ்பி 2 வழியில் நொடிக்கு 30 முதல் 40 எம்பி வரை போகும், 200 ஜிபிக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். யூஎஸ்பி 3 துளையில் சாதாரண வெளி ஹார்ட் டிஸ்கே நொடிக்கு 100 எம்பியைத் தொடும். எஸ்எஸ்டி என்றால் இன்னும் வேகம். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும், நேரம் பல மடங்கு கூடும். டிஸ்க் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு எதுவும் ஏறாது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வேண்டும். மேக்கோடும் பயன்படுத்துவதாக இருந்தால் எக்ஸ்ஃபேட்.

*நெட்வொர்க்.* இரண்டு கணினியையும் ஒரே ரவுட்டரில் லேன் கேபிளால் இணைத்து ஃபோல்டரைப் பகிரலாம். கிகாபிட் கேபிளில் நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் போகும். வைஃபையில் நேரம் சொல்ல முடியாது.

*விண்டோஸ் பேக்கப்.* விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இருக்கும் செயலி. முக்கிய ஃபோல்டர்களையும் வைஃபை பாஸ்வேர்டு, திரை அமைப்பு போன்ற செட்டிங்ஸையும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் ஏற்றிவைக்கும். இலவச இடம் 5 ஜிபிதான், படங்களுக்கே அது போதாது. ஆனால் செட்டிங்ஸுக்கு மட்டுமாவது பயன்படுத்துங்கள், அந்தச் செயலியில் ஃபோல்டர்களுக்கான தெரிவை மட்டும் அணைத்துவிட்டு ஓடவிட்டால் இடப் பிரச்சினை இல்லை. அதை மீட்டெடுக்கும் கேள்வி புதிய கணினியை முதன்முதலில் அமைக்கும்போதுதான் வரும். எனவே புதியதை இயக்குவதற்கு முன்னாலேயே பழையதில் பேக்கப் முடிந்திருக்க வேண்டும்.

பழைய கட்டுரைகள் சொல்லும் 'விண்டோஸ் ஈசி டிரான்ஸ்ஃபர்' விண்டோஸ் 10-லேயே இல்லை, தேடாதீர்கள். பழைய டிஸ்கை அப்படியே குளோன் செய்து புதியதில் ஏற்றும் யோசனையும் வேண்டாம். வேறொரு கணினியின் டிரைவர்களும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) பல வருடக் குப்பையும் சேர்ந்து வரும், விண்டோஸ் ஆக்டிவேஷனும் தகராறு செய்யும். அதே கணினியில் டிஸ்க் மட்டும் மாற்றுபவர்களுக்குத்தான் குளோன்.

8. நகலெடுக்கும் நாள்

தொடங்குமுன் ஒன்டிரைவ் ஃபோல்டரில் கோப்புகளின் பக்கத்தில் இருக்கும் குறிகளைப் பாருங்கள். மேக வடிவம் இருந்தால் அந்தக் கோப்பு கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது, உள்ளடக்கம் இணையத்தில். வெளி டிஸ்குக்கு நகலெடுக்கும்போது ஒவ்வொன்றாக இறங்கி வரும், நடுவில் இணையம் போனால் நின்றுவிடும். அந்த ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, எல்லாம் பச்சை வட்டமாகும்வரை காத்திருங்கள். டிஸ்கில் இடம் இல்லையா? அப்படியானால் அந்த ஃபோல்டரை விட்டுவிடுங்கள், புதியதில் ஒன்டிரைவில் உள்நுழைந்தால் அங்கே தெரியும்.

வெளி டிஸ்கில் தேதியோடு ஒரு ஃபோல்டர் உருவாக்கி எல்லாவற்றையும் அதற்குள் போடுங்கள். வெட்டி ஒட்ட வேண்டாம், நகல் மட்டும். மடிக்கணினியைச் சார்ஜரில் மாட்டி, தூக்க நிலைக்குப் போகாதபடி மாற்றிவையுங்கள்.

பெரிய அளவு என்றால் எக்ஸ்புளோரரின் இழுத்துப்போடும் நகல் நம்பகமானதல்ல. ஒரு கோப்பில் தடங்கினால் கேள்வி கேட்டுக்கொண்டு இரவு முழுக்கக் காத்திருக்கும். விண்டோஸோடே வரும் ரோபோகாப்பி என்ற கட்டளை அறுந்தாலும் மறுபடி ஓடவிடலாம், ஏற்கெனவே வந்ததை விட்டுவிட்டு மிச்சத்தை எடுக்கும். இரண்டு விஷயம் கவனம். அதன் 'மிரர்' தெரிவு, மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்திலிருந்து அழித்துவிடும். பயனர் ஃபோல்டரை எடுக்கும்போது ஜங்ஷன்களை (வேறு ஃபோல்டரைச் சுட்டும் இணைப்புகளை) விலக்கும் தெரிவைச் சேர்க்காவிட்டால் ஆப்டேட்டாவுக்குள் சுற்றிச் சுற்றி முடிவில்லாமல் ஓடும்.

முடிந்ததும் சரிபாருங்கள். இரண்டு பக்கமும் அதே ஃபோல்டரில் வலது கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்'. கோப்புகளின் எண்ணிக்கையும் 'சைஸ்' என்பதும் ஒத்துப்போக வேண்டும். 'சைஸ் ஆன் டிஸ்க்' வேறுபட்டால் கவலை இல்லை, அது டிஸ்கின் அமைப்பைப் பொறுத்தது. பிறகு பெரிய வீடியோ ஒன்று, பழைய படம் ஒன்று, ஒரு எக்செல் கோப்பு என்று சிலவற்றை வெளி டிஸ்கிலிருந்தே திறந்து பாருங்கள்.

9. புதியதில் இறக்குவது

முதலில் விண்டோஸ் அப்டேட் முழுவதும் ஓடி முடியட்டும். அப்புறம் பட்டியலில் உள்ள மென்பொருள்கள், அதன் பிறகு கோப்புகள், கடைசியில் ஆப்டேட்டாவிலிருந்து எடுத்த செட்டிங்ஸ். இந்த வரிசையை மாற்றினால், புதிதாக நிறுவும் மென்பொருள் நீங்கள் கொண்டுவந்த செட்டிங்ஸ் மேல் தன்னுடையதை எழுதிவிடக்கூடும்.

கோப்புகளை இடம் மாற்றும்போதே தரம் பிரிக்க உட்காராதீர்கள். வேலை பாதியில் நின்று, எது வந்தது எது வரவில்லை என்று தெரியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள், குப்பையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று சொன்னால் 'கன்டினியூ' கொடுங்கள். நிர்வாகி கணக்காக இருந்தால் திறந்துவிடும்.

பிரிண்டரை டிரைவரோடு நகலெடுக்க முயல வேண்டாம், புதிதாகச் சேர்ப்பதுதான் சுலபம்.

10. மேக், லினக்ஸ்

மேக்கிலிருந்து மேக்குக்கு என்றால் மேலே சொன்னதில் பாதி தேவையில்லை. 'மைக்ரேஷன் அசிஸ்டன்ட்' கணக்கு, செட்டிங்ஸ், மென்பொருள் எல்லாவற்றையும் வைஃபை, கேபிள் அல்லது டைம் மெஷின் (மேக்கின் பேக்கப் வசதி) டிஸ்க் வழியாகக் கொண்டுவரும். முடிந்தால் கேபிள். 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து 32 பிட் மென்பொருள்கள் ஓடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். விண்டோஸிலிருந்து மேக்குக்கு வருபவர்களுக்கும் ஆப்பிள் இதே பெயரில் விண்டோஸில் ஓடும் கருவி ஒன்று தருகிறது, அதில் மென்பொருள்கள் வராது.

லினக்ஸில் ஹோம் ஃபோல்டரை, புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புகளோடு சேர்த்து எடுத்தால் செட்டிங்ஸில் பெரும்பாலானவை வந்துவிடும். பயனர் எண் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அனுமதிச் சிக்கல் வராது.

11. பழையது இயங்கவே இல்லை என்றால்

கணினி கெட்டாலும் டிஸ்க் நன்றாக இருப்பது சாதாரணம். டிஸ்கைக் கழற்றி, அதன் வகைக்கேற்ற யூஎஸ்பி உறையில் போட்டுப் புதியதில் செருகுங்கள். சாட்டா டிஸ்குக்கும் விரல் நீள என்விஎம்இ டிஸ்குக்கும் உறை வேறு வேறு. சில மெல்லிய மடிக்கணினிகளில் சேமிப்பகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே இந்த வழி இல்லை. செருகியதும் 48 இலக்கச் சாவி கேட்டால் இரண்டாம் பகுதியில் எழுதிவைத்த காகிதம் உதவும். 'ஃபார்மட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிட்டுத் தரவு மீட்பு வல்லுநரிடம் கொடுப்பதே சரி. திரும்பத் திரும்ப முயல்வது இருப்பதையும் கெடுக்கும்.

12. பழையதை அழிப்பது

ஒரு மாதம் தொடாமல் வைத்திருங்கள். மாதம் ஒருமுறை மட்டும் செய்யும் வேலைகள் இருக்கின்றன: கணக்கு முடிப்பது, ஏதோ ஒரு படிவம் நிரப்புவது. அவை ஒரு சுற்று புதிய கணினியில் நடந்து முடியும்போது எது வரவில்லை என்று தெரிந்துவிடும்.

பிறகு பட்டியலில் குறித்த மென்பொருள்களை டீஆக்டிவேட் செய்யுங்கள், எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள். விண்டோஸில் 'ரீசெட் திஸ் பிசி', அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்'. அடுத்து வரும் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்பதைச் சொடுக்கி 'கிளீன் டேட்டா' தெரிவையும் இயக்குங்கள். இயக்காமல் விட்டால், குறியாக்கம் இல்லாத ஹார்ட் டிஸ்கிலிருந்து மீட்பு மென்பொருளால் பழைய கோப்புகளை எடுத்துவிட முடியும். நேரம் அதிகமாகும், இரவில் ஓடவிட்டுவிடலாம். ஆப்பிள் சிலிக்கன் அல்லது டி2 சிப் உள்ள மேக்கில், மான்டரே முதல் 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' இருக்கிறது. அதை ஓடவிடும்போதே, தொலைந்த கணினியைத் தேட உதவும் 'ஃபைன்ட் மை' அணைந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அது அணையாவிட்டால் அடுத்தவரால் அந்தக் கணினியைப் பயன்படுத்த முடியாது.

கணினியை எறிவதாகவே இருந்தால், டிஸ்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மின்கழிவில் கொடுங்கள்.